டிரோல்மன், யோகான் (1907–1944)

யோகான் வில்ஹெல்ம் டிரோல்மன் ஜெர்மனியின் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். நாட்டின் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்தை 1933 ஜூன் 9 அன்று வென்றார். எட்டு நாளில் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டது. நாஜிகள் அவரை வளையத்திலிருந்து விரட்டி, மலடாக்கி, போர்முனைக்கு அனுப்பி, கடைசியில் வதைமுகாமில் அடைத்தனர். முகாமிலேயே அவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

டிரோல்மன் 1907 டிசம்பர் 27 அன்று வட ஜெர்மனியில் கிஃப்ஹோர்ன் நகரை அடுத்த வில்ஷே என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஹானோவரின் பழைய நகர்ப்பகுதியில். குடும்பத்தார் சின்ட்டி இனத்தவர். பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே பெயர்ந்து சென்ற ரோமா மக்களின் ஒரு பிரிவே சின்ட்டிகள். வீட்டில் அவரை ருக்கெலி என்று கூப்பிட்டார்கள். ரசிகர்களுக்கும் அவர் ருக்கெலிதான். எட்டு வயதில் கையுறை மாட்டியவர் ஹானோவரின் ஹீரோஸ் மன்றத்தில் பயின்று வட்டாரப் பட்டங்களை வாரிக் குவித்தார். ஆனாலும் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இந்தப் புறக்கணிப்பு நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு ஐந்தாண்டு முன்பே நடந்தது. சின்ட்டிகளைக் கீழாகப் பார்க்கும் வழக்கம் ஹிட்லர் கொண்டுவந்தது அல்ல. ஏற்கெனவே ஊறிக் கிடந்ததை அவர் அரசுச் சட்டமாக்கினார்.

1929-இல் தொழில்முறைக்கு மாறிய டிரோல்மன் பெர்லின் ரசிகர்களைக் கவர்ந்தார். அன்றைய ஜெர்மன் வீரர்களில் பெரும்பாலோர் நின்ற இடத்தில் நின்று அடி கொடுத்து அடி வாங்கியபோது, இவர் ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். முன்னும் பின்னும் துள்ளி, எதிராளி வீசும் குத்துக்கு இம்மியளவு விலகி, அவன் நிலைகுலையும் நேரத்தில் உள்ளே புகுந்து குத்துவார். ஆள் அழகன். பெண்கள் அவரைப் பார்க்கவே அரங்குக்கு வந்தனர். நாஜிச் சார்புப் பத்திரிகைகளோ இந்த ஆட்டத்தை ‘ஜிப்சி’ ஆட்டம் என்று பழித்தன. முகமது அலி வளையத்தில் ஆடியதை உலகம் கொண்டாடுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே ருக்கெலி அப்படி ஆடியிருக்கிறார் என்று இன்று எழுதுகிறார்கள். அது மிகையான பேச்சாக எனக்குப் படவில்லை.

குத்துச்சண்டையை ஹிட்லர் பெரிதும் மதித்தார். இளைஞருக்குத் தாக்கும் வேகத்தைத் தரும் விளையாட்டு என்று தம் நூலிலேயே பரிந்துரைத்தவர். 1933 ஜனவரி 30-இல் அவர் ஆட்சிக்கு வந்ததும் குத்துச்சண்டைச் சங்கம் முந்திக்கொண்டு யூதர்களை வெளியேற்றியது. மிடில்வெயிட், லைட் ஹெவிவெயிட் என இரு பட்டங்களையும் வைத்திருந்த யூத வீரர் எரிக் ஸீலிக் பட்டங்களை இழந்து நாட்டை விட்டே ஓடவேண்டியதாயிற்று. காலியான லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு கீல் நகரத்து அடால்ஃப் விட்டும் டிரோல்மனும் மோதினர்.

பெர்லின் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஒரு மதுவடிப்பாலையின் தோட்டத்தில் போட்டி நடந்தது. விட் எடை கூடியவர். ஆனால் டிரோல்மன் அவரை நெருங்கவே விடவில்லை. சுற்றுக்குச் சுற்று புள்ளிகள் ஏறின. வளையத்தோரம் உட்கார்ந்திருந்த சங்கத் தலைவர் கேயார்க் ராடம் நாஜிக் கட்சிக்காரர். ஒரு சின்ட்டி வெல்வதை ஏற்க மனமில்லாமல், முடிவு இல்லை என்று அறிவிக்குமாறு அவர் நடுவர்களுக்குக் கட்டளையிட்டார். அப்படியே அறிவித்தார்கள். கூட்டம் கொதித்தெழுந்தது. கண்ணால் பார்த்ததைப் பொய்யாக்க அன்று அந்த ரசிகர்கள் ஒப்பவில்லை. கூச்சல் அடிதடியாக மாறும் நிலை வந்ததும் அதிகாரிகள் பணிந்து டிரோல்மனைச் சாம்பியனாக அறிவித்தனர். வளையத்தில் நின்றபடியே அவர் அழுதார். ஆட்சி மாறி நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்த நாளில், சீட்டு வாங்கி வந்த பொதுமக்கள் ஒரு நாஜி அதிகாரியின் உத்தரவைத் திருப்பியடித்த நிகழ்ச்சி இது. இவர் வாழ்க்கையில் மட்டுமன்றி அந்த ஆண்டின் ஜெர்மன் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு.

பிறகு கடிதம் வந்தது. ஆட்டத்தில் தரமில்லை, நடத்தை சரியில்லை என்று காரணம் சொல்லிப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார்கள். சிந்திய கண்ணீரும் குற்றமாயிற்று.

ஜூலை 21-இல் கூஸ்டாவ் ஏடர் என்ற வீரருடன் மோத வைத்தனர். ஏடரின் குத்து இடியாக இறங்கும். ‘துள்ளக் கூடாது, ஜெர்மானியனைப் போல நின்று சண்டையிடு, மீறினால் உரிமம் ரத்து’ என்பது நிபந்தனை. டிரோல்மன் கருமுடிக்குப் பொன்னிறச் சாயமேற்றி, உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசிக்கொண்டு வளையம் ஏறினார். அவர்கள் போற்றிய ஆரிய உருவத்தை அவர்கள் முன்னாலேயே அணிந்து காட்டினார். மணியடித்ததும் நடுவில் காலூன்றி நின்றார். விலகவில்லை, தப்பப் பார்க்கவில்லை. ஐந்தாம் சுற்றில் விழுந்தார். தோற்பது உறுதி என்று தெரிந்தும் எதிர்த்தார். அவர் வென்ற எந்தப் போட்டியிலும் இதைவிடப் பெரிய துணிச்சலைக் காட்டியிருக்க முடியாது.

அதன்பின் தோல்விகள் அவர்மீது சுமத்தப்பட்டன. விரைவில் உரிமமும் போயிற்று. 1935-இல் சின்ட்டி அல்லாத ஒரு பெண்ணை மணந்தார், மகள் பிறந்தாள். அதே ஆண்டின் இறுதியில் அரசு அவருக்குக் கட்டாய மலடாக்கும் அறுவை செய்தது. மனைவியும் குழந்தையும் தன்னால் துன்பப்படக் கூடாதென்று 1938-இல் மணவிலக்குப் பெற்றார். 1939-இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, கிழக்குப் போர்முனையில் காயமடைந்தார். நாட்டுக்காக ரத்தம் சிந்தியதும் அவருக்கு உதவவில்லை. 1942-இல் இனத்தைக் காரணம் காட்டி ராணுவத்திலிருந்து நீக்கினார்கள். ஹானோவரில் கைதான அவர் அவ்வாண்டு அக்டோபரில் ஹாம்பர்க்கை அடுத்த நோயென்காமே வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். கைதி எண் 9841.

முகாமின் எஸ்.எஸ். அதிகாரி ஒருவர் முன்னாள் குத்துச்சண்டை நடுவர். வந்தவரை அடையாளம் கண்டுகொண்டார். பகல் முழுவதும் கடும் உழைப்பு, மாலையில் எஸ்.எஸ். ஆட்களுக்குப் பயிற்சிப் பையாக நின்று அடிவாங்குதல் என்று நாட்கள் கழிந்தன. உடல் எலும்புக்கூடாயிற்று. அவரைக் காப்பாற்ற, கைதிகளின் ரகசியக் குழு ஒரு வழி செய்தது: 1943 பிப்ரவரி 9 அன்று டிரோல்மன் இறந்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதவைத்து, வேறு பெயரில் அவரை விட்டன்பெர்கே துணைமுகாமுக்கு அனுப்பினார்கள். அங்கும் அடையாளம் தெரிந்துபோயிற்று. 1944-இல் கைதிகளை மேய்க்கும் கங்காணியான எமில் கோர்னேலியஸ் என்பவனுடன் அவரை மோதவிட்டனர். டிரோல்மன் வென்றார். எல்லார் முன்னாலும் விழுந்த அவமானம் தாளாத கோர்னேலியஸ், அவரை வேலைக்களத்தில் பழிவாங்கினான், அடித்தே கொன்றான். இதை உடனிருந்த கைதி ஒருவர் போருக்குப் பின் சொன்னார். ஆனாலும் நெடுங்காலம் 1943 தேதியே மரண நாளாகக் கருதப்பட்டுவந்தது. டிரோல்மனின் தம்பி ஹைன்ரிக் ஆஷ்விட்ஸில் இறந்தார்.

போர் முடிந்தும் நீதி நகரவில்லை. சின்ட்டி, ரோமா மக்கள் 1943-க்கு முன் அனுபவித்த கொடுமை இனவெறியால் விளைந்ததல்ல என்று மேற்கு ஜெர்மன் உச்ச நீதிமன்றமே 1956-இல் தீர்ப்பளித்து, இழப்பீட்டை மறுத்தது. அவர்கள்மீது நடந்தது இனப்படுகொலை என்று அரசு ஒப்புக்கொண்டது 1982-இல்தான். குத்துச்சண்டைச் சங்கம் அதற்கும் மேலாக இருபது ஆண்டு எடுத்துக்கொண்டது. பெர்லினில் டிரோல்மன் வென்ற இடத்தருகே நடைபாதையில் நினைவுக்கல் பதிக்கப்பட்டுள்ளது. ஹானோவரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் உண்டு. 2003-இல் ஜெர்மன் தொழில்முறைக் குத்துச்சண்டைச் சங்கம் 1933-ஆம் ஆண்டின் சாம்பியன்கள் பட்டியலில் யோகான் டிரோல்மனின் பெயரைத் திரும்பச் சேர்த்து, பட்டத்துக்குரிய கச்சையை அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது.