கருவில் வளரும் பிள்ளையும் மதுவும்: உலகம் தாமதமாகக் கற்ற பாடம்



நம் தரங்கம்பாடிக் கோட்டை 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. தெற்கே நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால், 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அந்த இரண்டு நாட்டு மருத்துவர்களும் வருகிற ஒரு வரலாற்றை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

கர்ப்பிணி மது குடித்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் என்பது காலங்காலமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலத் தோன்றும். ஆனால் மருத்துவ உலகம் அந்தப் பாதிப்புக்கு ஒரு பெயர் வைத்ததே 1973இல்தான்.

அதற்கு முன் யாரும் கவனிக்கவில்லையா? கவனித்தார்கள். லண்டனில் ஜின் என்ற மலிவான சாராயம் ஆறாக ஓடிய காலம். 1726இல் அங்குள்ள மருத்துவர் கழகம் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தது. இந்தக் குடியால் நோஞ்சான் பிள்ளைகள் பிறக்கின்றன என்பது மனுவில் சொன்ன காரணங்களில் ஒன்று.

1899இல் வில்லியம் சல்லிவன் என்ற மருத்துவர், லிவர்பூல் சிறையில் இருந்த குடிப்பழக்கமுள்ள 120 பெண்களின் கதையைக் கேட்டு எழுதினார். அவர்கள் பெற்ற 600 பிள்ளைகளில் பாதிக்கு மேல் இறந்தே பிறந்தன, அல்லது இரண்டு வயதுக்குள் இறந்தன. அதே பெண்களின் குடிக்காத உறவுக்காரப் பெண்களுக்கு இந்தக் கணக்கு கால் பங்குக்கும் குறைவு. இன்னொன்றையும் அவர் கண்டார். கர்ப்பகாலத்தில் சிறையில் அடைபட்டு, குடிக்க வழியில்லாமல் இருந்த பெண்ணுக்கு நல்ல பிள்ளை பிறந்தது. ஆகவே கோளாறு பரம்பரையில் இல்லை, கர்ப்பகாலக் குடியில்தான் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் பின்னால் வந்தவர்கள் இதையெல்லாம் மதுவிலக்குப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கியதோடு நிற்கவில்லை. டென்மார்க்கிலிருந்து நியூயார்க் போன மகப்பேறு மருத்துவர் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ், குறைமாதத்தில் வலி கண்ட பெண்களுக்கு ஆல்கஹாலை நரம்பு வழியாக ஏற்றி வலியை நிறுத்தும் முறையை 1960களில் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் பெரிய மருத்துவமனைகளிலேயே அது நடந்தது. பிள்ளையைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். அன்றைய அறிவு அவ்வளவுதான்.

அதே சமயம் பிரான்சின் நான்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 பிள்ளைகளைப் பார்த்தார். வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள், ஆனால் முகத்தில் ஒரே சாயல், வளர்ச்சிக் குறைவு, கற்பதில் சிரமம். 1968இல் பிரெஞ்சு மொழியில் ஒரு வட்டார மருத்துவ இதழில் எழுதினார். வெளியுலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அமெரிக்காவின் சியாட்டில். கிறிஸ்டி அல்லலாண்ட் என்ற இளம் பெண் மருத்துவர், எடை ஏறாத குழந்தைகள் பலரின் தாய்மார்கள் குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்று கவனித்தார். அந்த வழியில் போன கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் 1973இல் லான்செட் இதழில் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். சிறிய தலை, சிறிய கண் பிளவு, மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளம் இல்லாத வழவழப்பு. அதே ஆண்டு 'கருநிலை மது நோய்க்குறி' என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

அதன் பிறகும் தடுமாற்றம் தீரவில்லை. நம் கோட்டையைக் கட்டிய டென்மார்க்கின் சுகாதாரத் துறையே 1999இல், முடிந்தவரை தவிருங்கள், குடித்தால் நாளுக்கு ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம் என்று தளர்த்திச் சொன்னது. 2007இல்தான் அதை மாற்றி, ஒரு துளியும் வேண்டாம் என்றது.

ஏன் ஒரு துளியும் கூடாது? தாயின் ரத்தத்தில் கலந்த ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியாக அப்படியே பிள்ளைக்குப் போகிறது. அதை உடைத்து வெளியேற்றும் பக்குவம் பிஞ்சுக் கல்லீரலுக்கு இல்லை. முகம் உருவாவது முதல் சில வாரங்களில். மூளை வளர்வதோ பத்து மாதமும். அதனால் முகத்தில் எதுவும் தெரியாமலே மூளை மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள்தான் அதிகம். இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்ற அளவை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நம் ஊர்ப் பெண்கள் எங்கே குடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குடிக்கும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆனால் நம் வீடுகளில் மது வேறு பெயரில் வரும். "சளிக்கு ஒரு மூடி பிராந்தி", "உடம்புச் சூட்டுக்குக் கள்ளு" என்பார்கள். அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்வது. அதில் 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் தானாக ஊறியிருக்கும். பீரில் இருப்பதே சுமார் 5 சதவீதம்தான். மருத்துவரைக் கேட்காமல் கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் 1989 முதல் மது பாட்டில் எச்சரிக்கையில் முதல் வரியே கர்ப்பிணிகளுக்குத்தான். நம் நாட்டில் 2019இல் வந்த எச்சரிக்கை உடல்நலத்தையும் வண்டி ஓட்டுவதையும் சொல்கிறது. வயிற்றுப் பிள்ளையைச் சொல்லவில்லை. ஆகவே அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நேற்றுச் சொன்னதை இன்று மறக்கும் பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை எந்த ஊர் வகுப்பிலும் உண்டு. காரணம் ஆயிரம் இருக்கலாம், இதுவும் ஒன்று. 'மக்கு' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பெண்ணையும் இதை வைத்துக் குற்றவாளி ஆக்காதீர்கள். மருத்துவர்களே நரம்பில் ஏற்றிய பொருள் அது. கர்ப்பம் என்று தெரியாமல் குடித்திருந்தால், தெரிந்த நாளில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மை உண்டு. பயப்படாமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லட்டும். கணவன்மார்களே, அந்தப் பத்து மாதமும் பாட்டில் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மாசமாக இருக்கும் பெண் உள்ள வீடுகளுக்கு இதை அனுப்புங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.