அவுட்வர்ட் ரிஜிஸ்டர்

புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்தது டெஸ்பாட்ச் மேசையில். கார்பன் வைத்து அடித்த கடிதத்தின் முதல் தாள் தபாலுக்குப் போகும், ஆபீஸ் காப்பி ஃபைலுக்கு வரும். எண், தேதி, யாருக்கு, பதிவுத் தபாலா சாதாவா, எவ்வளவு ஸ்டாம்ப் என்று அவுட்வர்ட் ரிஜிஸ்டரில் ஏற்றுவது என் வேலை. "காப்பி இருந்தா மட்டும் போதாது தம்பி, அது போச்சுன்னு ரிஜிஸ்டர் சொல்லணும்" என்பார் ஹெட் கிளார்க்.

இந்த ஊருக்கு அந்தப் பழக்கம் மிகப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி மேல்சபை பிரெஞ்சுக் கம்பெனிக்கு எழுதிய கடிதம் பல மாதம் கடலில் போனது. கப்பல் மூழ்கலாம், ஆங்கிலேயர் கையில் சிக்கலாம். ஆகவே ஒரே கடிதத்தை வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். எந்தக் கப்பல் வந்தது, என்ன கடிதம் கொண்டுவந்தது என்று ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு நெடுகிலும் பார்க்கலாம். சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனி, போன கடிதங்களுக்கும் வந்தவற்றுக்கும் தனித்தனிப் புத்தகம் வைத்திருந்தது. எல்லாம் கையால் பெயர்த்தெழுதியவை. ஈரமான மெல்லிய தாளைக் கடிதத்தின்மேல் அழுத்தி மையை ஒற்றியெடுக்கும் முறைக்கு ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்றது 1780-இல். கார்பன் தாளுக்கு ரால்ஃப் வெட்ஜ்வுட் பெற்றது 1806-இல்.

மின்னஞ்சல் வந்ததும் நாங்கள் இதையெல்லாம் கைவிட்டோம். 'சென்ட்' பெட்டியில்தான் இருக்கிறதே என்ற நினைப்பு. விலை ஏற்றத்தைச் சொல்லவே இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் சாதித்தபோது, மெயில் அனுப்பியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் கணினியைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்திருந்தோம். பழைய விலைக்கே சரக்கு போயிற்று. அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பிறகுதான் ஒரு பழைய கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் ஏற்றினேன். வீட்ஸ வெனிமா எழுதிய மெயில் சர்வர் மென்பொருள், இலவசம். முதலில் 'ஆல்வேஸ் பிசிசி' என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். அது வரும் மெயில், போகும் மெயில் எல்லாவற்றையும் நகலெடுத்து வட்டை நிரப்பிவிட்டது. அனுப்புநர் முகவரியைப் பார்த்து நகலெடுக்கும் 'சென்டர் பிசிசி மேப்ஸ்' முறைக்கு மாறியதும் சரியாயிற்று. ஊழியர்களுக்கு நோட்டீஸ் போர்டில் அறிவித்த பிறகே தொடங்கினோம். சொல்லாமல் நகலெடுப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் ஒரு குறை. மறைநகலாக யாருக்குப் போனது என்பது சேமித்த நகலில் தெரியாது; அந்த வரியை அனுப்பும் மென்பொருளே நீக்கிவிடும். சர்வரின் லாக் ஃபைலில் ஒவ்வொரு பெறுநரும், நேரமும், எதிர் சர்வர் ஏற்றுக்கொண்டதா என்பதும் இருக்கும். மெயிலின் தலைப்பில் உள்ள எண்ணும் லாக்கில் உள்ள எண்ணும் ஒன்றே. ஹெட் கிளார்க் என்னை ஏற்றச் சொன்ன அதே அவுட்வர்ட் எண்! அந்த லாக் நான்கு வாரத்தில் தானாக அழியும்படி இருந்தது. நிறுத்தினேன். மாதக் கடைசியில் மெயில் கட்டையும் லாக்கையும் சேர்த்தே எடுத்து வைக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்பதிவுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எண்ணையும், கேட்கிறது. இப்போது ஒவ்வொரு கட்டுக்கும் அதைக் கணக்கிட்டு, தேதியோடு ஒரு நோட்டில் பேனாவால் எழுதிவருகிறேன்.