இலேசான சைக்கிள்: பர்மிங்ஹாமிலிருந்து அம்பத்தூர் வரை

சைக்கிள் வாங்கக் கடைக்குள் நுழைகிற மத்தியதர உத்தியோகஸ்தர், வர்ணத்தையும் விலைச்சீட்டையும் பார்த்து முடித்த பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிற ஒரு காரியம் உண்டு. பாரில் கை கொடுத்து வண்டியை ஒரு சாண் உயரம் தூக்கிப் பார்ப்பார். எடை குறைந்திருந்தால் முகம் மலரும்; அந்த வண்டியின் விலையைக் கேட்டதும் வாடிவிடும். பந்தயக்காரனுக்கு இலேசான வண்டி செய்து கொடுப்பது அப்படியொன்றும் அரிய சாதனையன்று, அதற்கான பணத்தை அவனுக்காக வேறு யாராவது கொடுத்துவிடுகிறார்கள். தினந்தோறும் ஏழெட்டு மைல் மிதித்து வேலைக்குப் போய்த் திரும்பி, மாதக் கடைசியில் சில்லறையை எண்ணிச் செலவழிக்கிற மனிதனுக்கு அத்தகைய வண்டி எட்டும்படி செய்வதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை இங்கிலாந்து எப்படிச் சமாளித்தது, நம் தேசத்தில் அந்த முயற்சி ஏன் நெடுங்காலம் வேண்டப்படாமலே இருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

ஜெர்மனியில் மான்ஹைம் நகரத்தில் 1817ஆம் வருஷம் கார்ல் டிரைஸ் என்ற பிரபு, இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, பெடலே இல்லாமல் காலால் தரையை உந்தி ஓட்டிய மரவண்டி சுமார் 22 கிலோ இருந்தது. பாரிஸில் மிஷோ குடும்பத்தார் 1860களில் முன்சக்கரத்தில் பெடல் வைத்ததும், கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி ஆளுயரச் சக்கரம் பூட்டியதும் பலரும் அறிந்த கதைகள்; அவற்றை நாம் தாண்டிப் போகலாம். 1885இல் அதே கவென்ட்ரியில் ஸ்டார்லியின் சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழச் சமமான இரு சக்கரங்களும் பின்சக்கரத்துக்குச் செயினும் கொண்ட ரோவர் வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று வருஷங்கள் கழித்து பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமையும் பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தவுடன் சைக்கிளின் உருவம் நிலைபெற்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் உருவத்தை மாற்றவில்லை. அந்த உருவத்துக்குள் இருந்த இரும்பைக் குறைப்பதிலேயே தங்கள் புத்தியைச் செலுத்தினார்கள்.

எடையைக் குறைப்பதில் முதற்பங்கு குழாய்க்கு உரியது. சைக்கிளின் சட்டம் என்பது லக் எனப்படும் மூட்டுகளில் சொருகிப் பித்தளை உருக்கிப் பற்றவைத்த சில குழாய்களேயன்றி வேறில்லை. பற்றவைக்கும்போது எழுகிற சூட்டினால் குழாயின் முனைகள் பலமிழக்கின்றன. ஓடும்போது வரும் அதிர்ச்சியும் முனைகளையே அதிகமாகத் தாக்குகிறது. ஆகவே முனையைத் தாங்கவைப்பதற்காக முழுக் குழாயையும் தடிப்பாகச் செய்வதுதான் வழக்கமாயிருந்தது. அதனால் எந்த உபயோகமுமில்லாமல் நடுப்பகுதியில் கிலோக்கணக்கான எஃகு வீணே சுமக்கப்பட்டது. பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் மில்வர்ட் ரெனால்ட்ஸ், வெளிச்சுற்று எங்கும் ஒரே அளவாயிருக்க, உள்ளே முனைகளில் மட்டும் தடித்து நடுவில் மெலிந்து செல்லும் குழாயை உருவாக்கி 1897இல் காப்புரிமை பெற்றார். மூங்கில் கணுவில் தடித்துக் கணுக்களுக்கு இடையே மெலிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த யுக்தியை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியே 1935இல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகைக் கொண்டு 531 என்ற இலக்கத்தால் பிரசித்தமான குழாயை வெளியிட்டது. நல்ல சட்டமென்றால் 531 என்று சொல்லுகிற காலம் ஒன்று ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் நடந்தது; சட்டத்தில் ஒட்டிய அந்தச் சிறு சீட்டைப் பார்த்தே வாங்குபவன் திருப்தியடைந்தான்.

ஆனால் அந்தச் சீட்டு ஒட்டிய வண்டி எல்லோருக்கும் கிட்டிவிடவில்லை. அதே பர்மிங்ஹாமில் 1910இல் எட்மண்ட் கிரேன் என்பவரும் அவர் சகோதரரும் தொடங்கிய ஹெர்குலிஸ் கம்பெனி நேர்மாறான வழியில் போயிற்று. எல்லா வேலையையும் பிரித்து, ஓயாமல் நகரும் வரிசையில் வண்டிகளைப் பூட்டி, 1930களில் நாலு பவுனுக்குள் ஒரு முழுச் சைக்கிளை விற்றது. அந்த வண்டி கனமானது, அலங்காரமற்றது, உடையாதது. ஆலைத் தொழிலாளி தவணையில் வாங்கி, அதிலேயே வேலைக்குப் போனான். ஆக, விலை குறைந்தால் எடை கூடும், எடை குறைந்தால் விலை கூடும் என்ற இரட்டை வழக்கு அன்றே ஒரே ஊரில் எதிரெதிர்த் தெருக்களில் நடந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம்.

இவற்றுக்கு நடுவே நின்றவர்கள் சங்கத்துச் சைக்கிள்காரர்கள். 1894இல் பர்மிங்ஹாமில் சோஷலிஸ்டுகள் ஆரம்பித்த கிளேரியன் சங்கத்தைப் போன்ற எத்தனையோ சங்கங்களில் கடைச் சிப்பந்திகளும் குமாஸ்தாக்களும் லேத் ஓட்டுபவர்களும் உறுப்பினர்களாயிருந்தார்கள். இவர்களுக்கு இரண்டு சைக்கிள் வாங்க வசதியில்லை. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை மட்கார்டும் பையும் மாட்டி ஆபீசுக்கு ஓட்டிய அதே வண்டியில், ஞாயிறு விடியற்காலையில் பந்தயச் சக்கரங்கள் இரண்டையும் முன் அச்சின் இருபுறமும் மாட்டி எடுத்துக்கொண்டு போய், பந்தய ஸ்தலத்தில் சக்கரத்தை மாற்றி, மட்கார்டைக் கழற்றிவைத்து நேரத்தோடு போட்டியிட்டு, மீண்டும் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். கிளாட் பட்லர், ஹோல்ட்ஸ்வொர்த் போன்ற லண்டன் பட்டறைக்காரர்கள் இத்தகைய மனிதர்களுக்காகவே அளவெடுத்துச் சட்டம் செய்தார்கள். முதலில் நல்ல சட்டத்தை மட்டும் வாங்கிவிட்டு, ரிம், ஹப், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பின்னர் சேர்த்துக்கொள்வது இவர்களிடையே சகஜமாயிருந்தது. மட்டான பணத்தில் இலேசான வண்டி வாங்குவது எப்படி என்பதை இவர்களைவிட நன்றாக யாரும் கற்றறிந்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

எடையைப் பற்றியே பேசிக்கொண்டு கியரை மறந்துவிடக்கூடாது. மேட்டில் ஏறுகிறவனுக்கு இரண்டு கிலோ குறைந்த வண்டியைவிடச் சரியான கியர் பெரிய உபகாரம். பிரான்ஸில் சான்-எத்தியேன் நகரத்தில் பத்திரிகை நடத்திய பால் தெ விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் பலவகைக் கியர்களுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஸ்தாபித்த ஆன்றி தெக்ராஞ்சோ, அது மனித பலத்தைக் குறைத்துக் காட்டும் என்ற பிடிவாதத்தினால், செயினை நகர்த்தும் கியரை 1937 வரைக்கும் தம் பந்தயத்தில் அநுமதிக்கவில்லை. இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று. அங்கே நாட்டிங்ஹாமில் ராலி கம்பெனியை நடத்திய ஃபிராங்க் பௌடன், 1902இல் காப்புரிமை பெற்ற மூன்று வேக ஹப்பின் உரிமையைச் சேர்த்துக்கொண்டு, ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரில் பின்சக்கரத்தின் நடுவிலேயே பற்சக்கரங்களை ஒளித்துவைத்துவிட்டார். அதைக் கற்பனை செய்ததில் பெரும்பங்கு வில்லியம் ரெய்லி என்பவருக்கு உண்டு. பழைய ஒப்பந்தத்தினால் அவர் கட்டுண்டிருந்தபடியால் காப்புரிமை ஆர்ச்சர் என்பவரின் பெயரில் போயிற்று, சரித்திரமும் ரெய்லியைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. 1936இல் வந்த ஏ.டபிள்யூ என்னும் ஹப், நடுக் கியரில் நேராகவும், கீழ்க் கியரில் முக்கால் பங்காகவும், மேல் கியரில் மூன்றிலொரு பங்கு அதிகமாகவும் சுழன்றது. மழையும் சேறும் உள்ளே புகாது. சில சொட்டு எண்ணெய்க்கு மேல் அது எதுவும் கேட்டதில்லை.

இந்த ஹப்பும், 26 அங்குலச் சக்கரமும், மெலிந்த டயரும், கம்பி வழியாக இழுக்கும் பிரேக்கும் சேர்ந்து, 16, 17 கிலோ எடையில் ராலி ஸ்போர்ட்ஸ் என்ற வண்டி பிறந்தது. பந்தய வண்டியின் சட்டமன்று, 531ம் அன்று, சாதாரண எஃகுதான். ஆயினும் ரோட்ஸ்டர் எனப்படும் கனத்த சாதாரண வண்டியைவிட நாலைந்து கிலோ இலேசு, விலையிலோ மத்தியதரத்தாருக்கு எட்டக்கூடியது. ஆபீசுக்குப் போகிற மனிதனுக்காகச் சைக்கிள் தொழில் கண்ட மிகச் சிறந்த சமாதானம் இதுவென்றே நான் கருதுகிறேன். 1950களில் ராலி ஆலை வருஷத்துக்குப் பத்து லட்சம் சைக்கிள் செய்தது. அதே ஆலையில் வேலை பார்த்த ஆலன் சில்லிட்டோ அந்தத் தொழிலாளர் வாழ்க்கையை நாவலாகவும் எழுதினார். மோட்டார் கார் மலிந்ததும் எல்லாம் சரிந்தது. 2002இல் நாட்டிங்ஹாம் ஆலை மூடப்பட்டது; ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இன்று தைவான் கம்பெனி ஒன்றின் கையில் இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது இந்தச் சமாதான வண்டியன்று. ஹெர்குலிஸின் கனத்த வண்டிதான். ரெனால்ட்ஸ் குழாயையும் ஹெர்குலிஸ் சைக்கிளையும் தன்னுள் சேர்த்துக்கொண்ட பர்மிங்ஹாம் நிறுவனமாகிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், முருகப்பா குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைச் சென்னையில் ஆரம்பித்தது. அம்பத்தூரில் ஆலை எழுந்தது. 1955இல் ஆவடியில் குழாய் ஆலையும் வந்தது. ஆசன்சோலில் சென்-ராலி, சோனிபத்தில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று வடக்கேயும் ஆலைகள் பெருகின. உலகத்திலேயே அதிகமான சைக்கிள் செய்யும் நிறுவனமென்று 1986இல் ஹீரோவைக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. இவ்வளவு ஆலைகளும் செய்தது அநேகமாக ஒரே வண்டி. 28 அங்குலச் சக்கரம், இரும்புத் தண்டு வழியாக இழுக்கும் பிரேக், முன்னே 32, பின்னே 40 ஸ்போக்ஸ், ஒரே வேகம், 20 கிலோவுக்கு மேற்பட்ட எடை. பிரிட்டன் அதை மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் நாம் அதை நம்முடையதாக்கிக்கொண்டோம்.

இதைப் பழமைப் பற்று என்றும் அறியாமை என்றும் ஏளனம் செய்பவர்கள் உண்டு. அவர்கள் அந்த வண்டி எதைச் சுமந்தது என்பதைப் பார்க்கவில்லை. பால் கேன்கள், புல்லுக்கட்டு, அரிசி மூட்டை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு குழந்தைகள், சமயத்தில் கேரியரில் மனைவியும் முன்பாரில் பிள்ளையுமாக ஒரு குடும்பம். இவற்றைச் சுமந்து மண்சாலையில் போகிற வண்டிக்குத் தடித்த குழாய் அநாவசியமன்று. மூட்டை ஏற்றுகிறவர்கள் மேலே இன்னொரு பாரையும், ஃபோர்க்குக்குப் பக்கபலமாக இரண்டு கம்பிகளையும் சேர்த்தே வாங்கினார்கள். பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் தாண்டிற்று. சாய்ந்த ஃபோர்க்கும் நீண்ட சட்டமும் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. இவை எல்லாவற்றிலும் மேலானது ரிப்பேர். எந்த ஊர் மரத்தடியிலும் ஒரு பம்பும் தண்ணீர்ச் சட்டியும் நாலு ஸ்பேனரும் வைத்திருக்கிறவர் பஞ்சர் ஒட்டுவார், சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பார், ஓவராயில் செய்வார். லூதியானாவில் செய்த ஃப்ரீவீல் அம்பத்தூர் வண்டியில் ஏறும். வேறு அளவான சக்கரமும் உள்ளே ஒளிந்த கியரும் உள்ள வண்டிக்கு அந்தச் சௌகரியம் ஏது? மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விட்ட கடைக்காரருக்கும், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய சிறுவர்களின் கைக்கும் தாங்கியதே பெரிய சோதனைதான்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, பெண்களுக்கான சைக்கிள் போதாமையால் ஆண்களின் பெரிய சைக்கிளையே பலர் ஓட்டினார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். இலேசைவிட உபயோகம் பெரிதென்று அனுபவம் கற்பித்த இடம் அது.

ஆனால் நகரத்துக் குமாஸ்தாவின் நிலைமை வேறு. அவன் சுமப்பது தன்னையும் ஒரு டிபன் பாக்ஸையுமே; அவன் ஓடுவது தார்ச்சாலையில். மூட்டைக்காகச் செய்த வண்டியை அவன் ஆயுள் முழுவதும் வெறும் பையோடு மிதித்தான் என்பது நம் தொழில் அவனுக்குச் செய்த அநியாயம். ராத்திரியில் விளக்கில்லாமலும், டபுள்ஸ் ஏற்றியும் ஓட்டினால் போலீஸ்காரரிடம் அபராதம் கட்டவேண்டியிருந்த, வருஷாவருஷம் நகரசபைக்கு வரி கட்டி வில்லை வாங்கவேண்டியிருந்த அந்த ஓட்டுனனுக்கு, பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற கொஞ்சம் மெலிந்த வண்டிகள் வெகுநாள் கழித்தே கிடைத்தன; அவற்றைக் கல்லூரி மாணவர்கள் ஆசையோடு வாங்கினார்கள். பிறகு வந்த மலைச் சைக்கிள் மோகம் இந்தச் சிறிய முன்னேற்றத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. தடித்த டயரும், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கும், வரிசையாகப் பல கியர்களும் மாட்டி, மலையையே காணாத தெருக்களில் ரோட்ஸ்டருக்குச் சமமான எடையோடு அவை ஓடின. மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் மேடுபள்ளத்தில் சுகம் தருவதாகப் பலர் நம்புகிறார்கள். அது தருவது ஒன்றிரண்டு கிலோ இரும்பும், ஒவ்வொரு மிதியிலும் வீணாகும் கொஞ்சம் பலமும்தான்.

இன்று அலுமினியச் சட்டத்தோடு 12 முதல் 15 கிலோவுக்குள் நகர ஓட்டத்துக்கான சைக்கிள்கள் நடுத்தர விலையில் கிடைக்கின்றன. சங்கத்துக் குமாஸ்தாக்கள் தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பு செய்த தேர்வே இவற்றிலும் செல்லும். சுற்றுகிற எடை நிற்கிற எடையைவிட அதிகம் இழுக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படுகிறவனுக்கு டயரிலும் ரிம்மிலும் குறைந்த ஒவ்வொரு நூறு கிராமும் சட்டத்தில் குறைந்ததைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பாக உணரப்படும். ஆகவே இறுகிய ஃபோர்க், அலுமினிய ரிம், மெலிந்த நல்ல டயர், மட்கார்டும் கேரியரும் மாட்ட இடம், பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்த அளவான சக்கரம், இவை இருக்கிற வண்டியைப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கும் இருபத்தொரு கியருக்கும் கேட்கிற பணத்தைக் கொடுக்காதீர்கள். கேரியரில் மூட்டை ஏற்றுகிற உத்தேசமிருந்தால் மட்டும், அம்பத்தூரின் பெரிய சைக்கிளையே வாங்கிவிடுங்கள்.