முடிசூட்டு நாளில் மூண்ட தீ
ஆங்கிலம் வளர்ந்த கதை – 7

1066, டிசம்பர் 25. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் முடிசூட்டு விழா. அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து மன்னர் ஹெரால்டை வீழ்த்திய, பிரெஞ்சு பேசும் நார்மண்டியின் கோமகன் வில்லியம் அரியணை ஏறுகிறார். ‘இவரை மன்னராக ஏற்கிறீர்களா?’ என்று யார்க் பேராயர் ஆங்கிலத்தில் கேட்டார். கூட்டான்ஸ் ஆயர் அதையே பிரெஞ்சில் கேட்டார். சம்மத முழக்கம் எழுந்தது. வெளியே காவல் நின்ற நார்மன் வீரர்கள் அதைக் கலகம் என்று எண்ணி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள்.

மக்கள் மொழி அரசுக்குப் புரியாத காலம் இப்படித்தான் தொடங்கியது. அரசவை பிரெஞ்சில் பேசியது. ஆவணங்கள் லத்தீனுக்கு மாறின. பீட்டர்பரோ மடத்தில் ஆங்கிலத்தில் எழுதிவந்த ஆண்டுக் குறிப்பும் 1154ஆம் ஆண்டோடு நின்றது.

ஏட்டில் நின்ற மொழி நாவில் நிற்கவில்லை. உழவர் வயலிலும் தாய்மார் அடுப்படியிலும் அதையே பேசினார்கள். பழைய ஆங்கிலத்தில் தமிழைப் போலவே வேற்றுமை உருபுகள் உண்டு. பெயர்ச்சொற்களுக்குப் பாலும் உண்டு: சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். வைக்கிங்குகள் குடியேறிய வட பகுதிகளில் ஏற்கெனவே தேயத் தொடங்கியிருந்த இவை, மரபு காக்கும் எழுத்தர்கள் இல்லாத காலத்தில் மேலும் உதிர்ந்தன. மொழி எளிமையானது.

1204இல் ஜான் மன்னர் நார்மண்டியை இழந்தார். கடல் கடந்த உறவு தளர, பிரபுக்களின் பிள்ளைகளுக்கும் ஆங்கிலமே தாய்மொழியானது. 1348இல் வந்த கொள்ளைநோய் ஊர் ஊராகப் பலி கொண்டது. பிழைத்த உழைப்பாளிகளின் மதிப்பு உயர்ந்தது. அவர்கள் மொழியின் மதிப்பும் உயர்ந்தது. வழக்காடுவோருக்குப் பிரெஞ்சு புரியவில்லை என்று சொல்லி, நீதிமன்ற விசாரணை ஆங்கிலத்தில் நடக்க 1362இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம்கூடப் பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! 1399இல் நான்காம் ஹென்றி அரியணைக்கு உரிமை கோரியபோது பேசியது ஆங்கிலம்.

இன்று நம் பேச்சில் புழங்கும் கோர்ட்டும் ஜட்ஜும் ஜூரியும் நார்மன் ஆட்சி விட்டுப்போன சொற்கள். வாட்டர், பிரெட், மதர் ஆகியவையோ அந்த அடுப்படிச் சொற்கள். ஏறக்குறைய 300 ஆண்டுகள் அரசு கைவிட்ட மொழியைத் தாங்கியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத எளிய மக்களே.

அந்த மக்களின் பேச்சைக் கவிதையாக்க ஒருவர் வந்தார். லண்டன் துறைமுகத்தில் சுங்கக் கணக்குப் பார்த்தவர். அவர் பெயர் சாசர்.

(தொடரும்)