கதிரியக்கக் குறியிட்ட நானோதுகள்

கதிரியக்கக் குறியிட்ட நானோதுகள் என்பது, உடலுக்குள் செலுத்தியபின் அது இருக்குமிடத்தை வெளியிலிருந்து கண்டறியும் பொருட்டு, கதிரியக்க ஓரிடத்தான் ஒன்று இணைக்கப்பட்ட மிகநுண்ணிய துகள் ஆகும். புற்றுநோய்க் கட்டிகளைப் படம்பிடிக்க இத்துகள்கள் ஆராயப்படுகின்றன. செப்பு-64 (அரைவாழ்வுக் காலம் 12.7 மணி), சிர்க்கோனியம்-89 (78 மணி) முதலியவை இதற்குப் பயன்படும் ஓரிடத்தான்கள். துகள் கட்டியை அடைய ஒரு நாள் ஆகுமெனில், 68 நிமிட அரைவாழ்வுடைய காலியம்-68 உதவாது.

குறி கழலுதல்

படக்கருவி உணர்வது கதிரியக்க அணுவை மட்டுமே. அவ்வணு துகளுடன் இணைந்துள்ளதா, தனியே திரிகிறதா என்பது படத்தில் தெரியாது. கழன்ற சிர்க்கோனியம் எலும்பிலும், கழன்ற அயோடின் தைராய்டு சுரப்பியிலும் சேரும். எலும்பில் தோன்றும் அத்தகைய ஒளிர்வை நோய்ப் பரவல் எனப் பிழையாகக் கருதவும் இடமுண்டு. ஆகவே துகள்களைக் குருதிச் சீரத்தில் 37 பாகை செல்சியசில் வைத்து, கழன்ற பங்கினை வண்ணப்பிரிகை முறையால் அளப்பது முதன்மையான சோதனையாகும்.

துகளையே கதிரியக்கத் தனிமத்தால் ஆக்குவது மற்றொரு வழி. மும்பை, டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் தங்கம்-198 (அரைவாழ்வு 2.7 நாள்) நானோதுகள்களை உருவாக்கி, கட்டியை நாடும் புரதக்கூறை இணைத்து, சுண்டெலிகளில் சோதித்துள்ளனர். சிகிச்சையே இதன் முதல் நோக்கமெனினும், தங்கம்-198 உமிழும் காமாக் கதிர்களால் துகள் செல்லுமிடத்தையும் அறியலாம்.

உடலில் பரவல்

கட்டி வளர்க்கப்பட்ட சுண்டெலியின் வால் சிரையில் துகள்களைச் செலுத்தி, குறித்த நேரங்களில் உறுப்புகளை எடுத்து எடையிட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள கதிரியக்கம் அளக்கப்படுகிறது. முடிவு பெரும்பாலும் ஏமாற்றமளிப்பதே. கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்த டொராண்டோ பல்கலைக்கழகத்தினர், செலுத்திய அளவில் கட்டியை அடைவது இடைநிலையாக 0.7 விழுக்காடு மட்டுமே என 2016இல் கணித்தனர். கட்டி கல்லீரலிலேயே இருப்பின் பின்னணி ஒளிர்வில் அது மறைந்துவிடும். சுமார் 5.5 நானோமீட்டருக்குச் சிறிய துகள்கள் சிறுநீரகம் வழியே வெளியேறிவிடுகின்றன.

மனிதர்களில்

அயோடின்-124 இணைத்த சிலிக்காத் துகள்கள், பரவிய மெலனோமா நோயாளிகள் ஐவரிடம் சோதிக்கப்பட்ட விவரம் 2014இல் வெளியானது. நியூயார்க்கின் மெமோரியல் சுலோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் நடந்த அச்சோதனை, பாதுகாப்பை அறிவதற்கானது.

அன்றாட மருத்துவத்தில் நிலைபெற்றது இவற்றினும் பழைய, எளிய கூழ்மமே. டெக்னீசியம்-99எம் இணைத்த கந்தகக் கூழ்மத்தை மார்பகக் கட்டியருகே செலுத்தினால், புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க்கணுவை அது காட்டிக்கொடுக்கும். இங்குத் துகள் குருதியில் பயணிப்பதில்லை. கல்லீரலைக் கடக்க வேண்டிய தொல்லையும் இல்லை.