நீர்மூழ்கி விளையாட்டுகளில் இலக்குக் கணிப்பு

தொலைவில் செல்லும் கப்பல் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்பதை நீர்மூழ்கிப் போர் விளையாட்டுகளில் ஆட்டக்காரர் தாமே அளந்து கணக்கிடுவது இலக்குக் கணிப்பு எனப்படும். இந்தக் கணக்கு இல்லாமல் டார்பிடோவை ஏவிப் பயனில்லை. 30 நாட் வேகத்தில் ஓடும் டார்பிடோ 1,000 மீட்டரைக் கடக்க 65 விநாடி எடுக்கும். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்.) 8 நாட் வேகத்தில் ஊர்ந்து செல்லும் சரக்குக் கப்பல்கூட அதற்குள் சுமார் 270 மீட்டர் நகர்ந்துவிடும். கப்பல் இப்போது நிற்கும் இடத்தைக் குறிவைத்தால் டார்பிடோ வெறுங்கடலில்தான் ஓடும்.

கணிப்புக்கு வேண்டியவை நான்கு: திசைகோணம் (இலக்கு தெரியும் திசை), தொலைவு, வேகம், அணியக் கோணம். இலக்குக் கப்பலின் முன்முனையான அணியத்துக்கும், அந்தக் கப்பலிலிருந்து நீர்மூழ்கியை நோக்கும் கோட்டுக்கும் இடைப்பட்டது அணியக் கோணம். கப்பல் நேராக நம்மை நோக்கி வந்தால் அது சுழியம். முழுப் பக்கவாட்டையும் காட்டிச் சென்றால் 90 பாகை.

கருவிகள்

இந்தக் கணக்கு விளையாட்டுகளுக்காகப் பிறந்ததன்று. முதல் உலகப் போரில் நீர்மூழ்கித் தலைவர்கள் பெரும்பாலும் கண்மதிப்பையும் மனக்கணக்கையும் நம்பியே சுட்டார்கள். 1915இல் இ-11 நீர்மூழ்கியுடன் துருக்கியின் மார்மரா கடலுக்குள் புகுந்து விக்டோரியா சிலுவை பெற்ற பிரிட்டிஷ் அதிகாரி மார்ட்டின் நாஸ்மித், மனக்கணக்கின் சுமையைக் குறைக்க ‘இஸ்-வாஸ்’ என்னும் கருவியை அமைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் வட்டத் தகடுகள்தாம் அது. தகடுகளைத் திருப்பிப் பொருத்தினால் இரு கப்பல்களின் போக்கும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணங்களும் கண்முன் வந்துவிடும். ஜெர்மானியரின் தாக்குதல் தகடும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. சைலன்ட் ஹன்டர் 3 என்னும் நீர்மூழ்கி விளையாட்டின் ஆட்டக்காரர்கள் பலர் அந்தத் தகட்டை அட்டையில் அச்சிட்டு, வெட்டி ஒட்டி, விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பொறிகள் வந்தன. ஜெர்மன் நீர்மூழ்கிப் படகுகளில் சீமென்ஸ் நிறுவனம் செய்த கணிப்பொறி இருந்தது. இலக்கு நகர நகர அது டார்பிடோவின் திருப்புக் கோணத்தை மாற்றிக்கொண்டே வரும். அமெரிக்கரின் ‘டார்பிடோ டேட்டா கம்ப்யூட்டர்’ ஒரு படி மேல். ஆர்மா நிறுவனம் செய்த அதன் மார்க் 3 வடிவம், பற்சக்கரங்களாலும் மின்மோட்டார்களாலும் ஆன ஒப்புமைக் கணினி. எண்களை ஊட்டிவிட்டால் பெரிஸ்கோப்பை இறக்கிய பிறகும் அது இலக்கைக் கற்பனையில் ஓட்டிக்கொண்டே இருக்கும். சில நிமிடம் கழித்துப் பெரிஸ்கோப்பை ஏற்றி, பொறி சொல்லும் திசையில் கப்பல் நிற்கிறதா என்று பார்த்தால் ஊட்டிய எண்களின் தரம் தெரிந்துவிடும். சான்பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகமாக நிற்கும் பாம்பனிட்டோ நீர்மூழ்கியில் இந்தப் பொறியைப் பழுதுபார்த்து மீண்டும் இயங்க வைத்திருக்கிறார்கள்.

கண்ணால் காணும் கப்பல்

தொலைவை அளக்கக் கப்பலின் உயரம் தெரிந்திருக்க வேண்டும். 30 மீட்டர் உயரக் கொடிமரம் பெரிஸ்கோப்பில் ஒரு பாகைக் கோணத்தை அடைத்தால் கப்பல் சுமார் 1,720 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கப்பலின் வகையைத் தவறாக அடையாளம் கண்டு, உண்மையில் 24 மீட்டரே உள்ள கொடிமரத்தை 30 என்று எடுத்துக்கொண்டால், 1,375 மீட்டரில் இருப்பது 1,720 என்று கணக்கில் ஏறும். புதிய ஆட்டக்காரர்கள் கப்பல் அடையாளக் கையேட்டைப் புரட்டிப் புரட்டித் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். அந்தக் கவலையில் பாதி வீண். டார்பிடோ குழாயிலிருந்து திரும்பாமல் நேராக ஓடும் ஏவுதலில், எவ்வளவு முந்திக் குறிவைக்க வேண்டும் என்ற முந்துகோணத்துக்குத் தொலைவு தேவையே இல்லை. டார்பிடோ எட்டும் எல்லைக்குள் கப்பல் இருந்தால் போதும். பெரிய திருப்பத்துடன் ஏவும்போதுதான் தொலைவில் நேரும் பிழை வினையாகிறது.

அணியக் கோணத்திலும் ஒரு சலுகை உண்டு. 75 பாகையில் நிற்கும் கப்பல் 90 பாகையில் நிற்பதைவிட 3.4 விழுக்காடுதான் குட்டையாகத் தெரியும். கண்ணுக்கு அந்த வேறுபாடு எட்டாது. ஆனால் 8 நாட் இலக்குக்கும் 30 நாட் டார்பிடோவுக்கும் முந்துகோணம் 90 பாகையில் 15.5, 75 பாகையில் 14.9. அரைப் பாகை பிசகு 1,000 மீட்டரில் சுமார் 10 மீட்டர்தான். நூறு மீட்டருக்கு மேல் நீண்ட கப்பலுக்கு அது பொருட்டல்ல.

வேகம் அப்படி மன்னிக்காது. 8 நாட் கப்பலை 10 நாட் என்று கணித்தால் முந்துகோணம் 19.5 பாகைக்கு ஏறிவிடும். 1,000 மீட்டரில் அது 70 மீட்டர் பிசகு. நடுவைக் குறிவைத்த டார்பிடோ அணியத்துக்கு முன்னால் நழுவிப் போகும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலான நேரத்தை வேகத்துக்கே செலவிடுகிறார்கள்.

வேகம் காண்பதில் எளியது நிலைக்கம்பி முறை. பெரிஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டை ஒரே திசையில் அசையாமல் நிறுத்தி, அணியம் அதைத் தொட்டது முதல் பின்முனை கடக்கும் வரை நேரம் பார்ப்பது. நீளத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். 134.6 மீட்டர் நீளமுள்ள லிபர்ட்டி கப்பல் 24 விநாடியில் கடந்தால் வேகம் சுமார் 11 நாட். அந்த வகைக் கப்பலின் உச்ச வேகமும் அதுவே. நீர்மூழ்கி நின்றிருந்தாலோ, பார்வைக் கோட்டின் வழியே மட்டும் நகர்ந்தாலோ, தொலைவும் கோணமும் தெரியாமலே விடை கிடைத்துவிடும். கடல் வரைபடத்தில் தடம் குறிப்பவர்களுக்கு வேறொரு குறுக்குவழி உண்டு: 3 நிமிடம் 15 விநாடியில் எத்தனை நூறு மீட்டர் நகர்ந்ததோ அத்தனை நாட். அமெரிக்கரின் கெஜக் கணக்கில் அதுவே ஏறத்தாழ 3 நிமிடம்.

ஜெர்மன் படகுத் தலைவர்கள் இதைவிடப் பொறுமையான வழியொன்றைக் கையாண்டனர். அடிவானத்தில் கொடிமர நுனி மட்டும் தெரியும் தொலைவில் நின்று, இலக்குக்கு இணையாகவே ஓடி, இடைவெளியும் திசையும் மாறாதபடி தம் வேகத்தையும் போக்கையும் சரிசெய்துகொண்டே வருவது. எல்லாம் பொருந்திவிட்டால் தம் படகின் எண்களே இலக்கின் எண்கள். கடலில் இதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விளையாட்டில் காலத்தை விரைவுபடுத்தும் பொத்தான் இருக்கிறது.

சைலன்ட் ஹன்டர் 4 ஆட்டக்காரர்களிடையே பரவிய ஒரு முறைக்கு ரிச்சர்ட் ஓகேனின் பெயர் வழங்குகிறது. டாங் நீர்மூழ்கியின் தலைவரான அவர், 1944 அக்டோபரில் தாம் ஏவிய டார்பிடோவே வட்டமடித்துத் திரும்பித் தம் கப்பலை மூழ்கடித்ததில் உயிர்தப்பியவர். இலக்கின் தடத்துக்குச் செங்குத்தாக முன்கூட்டியே காத்திருந்து, கணித்த திசையில் பெரிஸ்கோப்பை நிறுத்தி, கப்பலின் ஒவ்வொரு பகுதியும் கோட்டைக் கடக்கும்போது ஒவ்வொரு டார்பிடோவாக ஏவுவது இந்த முறை.

ஒலி மட்டும் கேட்கும்போது

மூழ்கிய நிலையில் நீருக்கடி ஒலிவாங்கியான ஹைட்ரோஃபோன் தருவது திசை ஒன்றுதான். அருகே மெல்லப் போகும் கப்பலும் தொலைவில் விரைந்து போகும் கப்பலும் ஒரே வரிசையில் திசைகோணங்களைக் காட்ட முடியும். நீர்மூழ்கி நேராகவே ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை திசைகோணம் எடுத்தாலும் இந்தக் குழப்பம் தீராது. போக்கை ஒருமுறை மாற்றியாக வேண்டும். மூன்று திசைகோணம் எடுத்துவிட்டுத் திரும்பி, நான்காவதை எடுத்தால் விடை ஒன்றாகக் குவியும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கியில் பணியாற்றிப் பின்னர் கடலியல் அறிஞராக விளங்கிய ஃப்ரெட் ஸ்பீஸ் 1953இல் இதற்கு முழுத் தீர்வு வகுத்தார். 1958இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் எக்லண்ட் அதைக் கைக்கணக்காக்கினார். பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே நீர்மூழ்கியின் வேகம் எத்தனை நாட் மாறியது என்பதைத் திசைகோணம் நிமிடத்துக்கு மாறும் வீதத்தின் வேறுபாட்டால் வகுத்து, 1,934ஆல் பெருக்கினால் தொலைவு கெஜத்தில் வந்துவிடும்.

விளையாட்டுகள்

1976இல் மிட்வே வெளியிட்ட சீ வுல்ஃப் என்னும் ஆர்கேட் விளையாட்டில் பெரிஸ்கோப் இருந்தது, கணக்கு இல்லை, எல்லாம் கண்மதிப்பு. சிட் மையரின் சைலன்ட் சர்வீஸ் (1985) அணியக் கோணத்தை ஆட்டக்காரரே ஊட்டும் வசதியைக் கடினநிலைகளில் ஒன்றாக வைத்தது. யூபிசாஃப்டின் ருமேனியக் கிளை செய்த சைலன்ட் ஹன்டர் 3 (2005) கைக்கணிப்பை ஒரு கலையாகவே வளர்த்தது. நவீன அணு நீர்மூழ்கிகளுக்கு, அமெரிக்கக் கடற்படைக்குப் பணிசெய்யும் சோனலிஸ்ட்ஸ் நிறுவனத்தின் 688(ஐ) ஹன்டர்/கில்லர் (1997), டேஞ்சரஸ் வாட்டர்ஸ் (2005) இரண்டும் முன்மாதிரி. அவற்றில் திசைக்கோடுகளின்மேல் அளவுகோலை நகர்த்திச் சரியாகப் பொருத்தினால் பிழைப் புள்ளிகள் ஒரே செங்குத்து வரிசையில் நிற்கும். ஒரே போக்கில் எடுத்த கோடுகளுக்குப் பொய்யான தடமும் அப்படியே பொருந்தி ஏமாற்றும்.

2017இன் கோல்ட் வாட்டர்ஸ் கணிப்பை மாலுமிகளிடம் விட்டுவிட்டு, கணிப்பு எவ்வளவு தேறியது என்ற விழுக்காட்டை மட்டும் காட்டுகிறது. 2024இல் முழுப் பதிப்பாக வந்த யூபோட்டில் அதிகாரிகளும் கணிக்கலாம், ஆட்டக்காரரும் கணிக்கலாம். வுல்ஃப்பேக்கில் ஒரே படகைப் பலர் சேர்ந்து ஓட்டுகிறார்கள், பெரிஸ்கோப்பில் ஒருவர், ஹைட்ரோஃபோனில் ஒருவர், கணிப்பொறியில் ஒருவர் என்று.