தழும்பின் நீளமும் காயத்தின் ஆழமும்

குடல்வால் அறுவையின் வரலாறு ஒரு சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. 1735 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், க்ளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவர் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தைச் சரிசெய்ய முனைந்தார். பிதுங்கிய பைக்குள் குடல்வால் கிடந்தது. அவன் எப்போதோ விழுங்கிய ஊசி ஒன்று அதைத் துளைத்திருந்தது. அமியாண்ட் அதை வெட்டியெடுத்தார். ஏறத்தாழ அரைமணி நேரம் நீண்ட அந்த அறுவையை அச்சிறுவன் தன்னினைவோடு தாங்கினான். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் இருந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். குடல்வாலை அகற்றியதாக நமக்குக் கிடைக்கும் முதற்பதிவு இதுதான்.

ஆயினும் அந்நோய்க்கு ஒரு பெயர் வாய்க்க 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில்தான் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ், வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதியில் வந்து உயிர்குடித்த சீழ்க்கட்டிகளின் மூலம் பெரும்பாலும் குடல்வாலே என்று நிறுவி, அதன் அழற்சிக்கு ‘அப்பெண்டிசைடிஸ்’ எனப் பெயரிட்டார். 1894இல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, தசைகளை வெட்டாமல் அவற்றின் இழைகளை விலக்கி உள்ளே செல்லும் கீறலை விவரித்தார். அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் குழந்தைகளின் வயிற்றில் எஞ்சிய தழும்பு பெரும்பாலும் அவர் வகுத்த வழியில் அமைந்ததே.

காயம் என்பது தழும்பு மட்டும்தானா? இக்கேள்வியை வேறொரு திசையிலிருந்து எழுப்பியவர் கிளாஸ்கோவின் டேவிட் கத்பர்ட்சன். எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை 1930களின் தொடக்கத்தில் ஆராய்ந்த அவர், வெளியேறும் நைட்ரஜனின் அளவு, அடிபட்ட இடத்தின் சேதத்தை மட்டும் கொண்டு விளக்க முடியாத அளவுக்கு மிகுந்திருப்பதைக் கண்டார். முறிந்தது கால் எலும்பு. கரைந்ததோ உடல் முழுவதிலுமுள்ள தசை. அதே காலத்தில், 1930இல், நியூயார்க்கில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் குருதியில் ஒரு பொருளைக் கண்டறிந்தனர். இன்று சி-ரியாக்டிவ் புரதம் என்று ஆய்வுக்கூடச் சீட்டுகளில் நாம் காண்பது அதுவே. 1985இல் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்ற கருத்துக்கு வரையறை தந்தார். தீவிரமாக வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பெருகி, அவற்றைத் தணிக்கும் உடலின் காப்புகளை விஞ்சிவிடும் நிலை அது. காயத்தைக் குருதியில் அளக்கும் கருவிகள் இவ்வாறு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இதற்கிடையில், 1980 செப்டம்பரில், கீல் நகரில் கர்ட் செம் குடல்வாலை முழுவதும் லேப்ராஸ்கோப் வழியாகவே அகற்றினார். அவர் பொது அறுவை மருத்துவரல்லர், மகளிர் நோயியல் மருத்துவர். அறுவை மருத்துவர்களின் சினம் சிறிதாக இருக்கவில்லை. அவரைப் பணியிலிருந்து நிறுத்திவைக்க வேண்டுமென்றே ஜெர்மானிய அறுவை மருத்துவச் சங்கத் தலைவர் கோரினார். பெரிய கீறலே பாதுகாப்பானது, உள்ளே தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பது அக்காலத்தின் நம்பிக்கை. இருபதாண்டுகளுக்குள் காட்சி மாறிற்று. சிறு துளையே சிறந்தது என்பது புதிய நம்பிக்கையாயிற்று.

இரண்டையும் கண்ணால் தீர்மானிக்க இயலாது என்பதே குருதி சொல்லும் செய்தி. லேப்ராஸ்கோபி செய்ய வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்பவைக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் குடலுக்குச் செல்லும் குருதி குறைகிறது. வாயுவை வெளியேற்றியதும் அது மீண்டும் பாய்கிறது. பட்டினி கிடந்த திசுவுக்குள் ஆக்ஸிஜன் திடீரென நுழையும் அக்கணத்தில்தான் தீய மூலக்கூறுகள் பெருகுகின்றன. வெளியே மூன்று சிறு துளைகள். உள்ளேயோ கண்ணுக்குத் தெரியாத வேறொரு காயம். பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடக் குறைந்த அழுத்தத்தை மருத்துவர்கள் கையாள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபுறம், திறந்த அறுவையில் வயிற்றுச் சுவர் அதிகம் காயப்படுகிறது. அதன்பின் இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் ஆகியவை கூடுதலாக உயர்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் குடல்வால் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கத்தி படுவதற்கு முன்பே குழந்தையின் உடல் எரிந்துகொண்டிருக்கிறது. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்ட பிள்ளையின் குருதியில், நோய் மூட்டிய தீ எது, கத்தி மூட்டியது எது என்று பிரித்தறிவது எளிதன்று. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதில் வியப்பில்லை.

இன்று வசதியுள்ள மருத்துவமனைகளில் பிள்ளைகளுக்கு லேப்ராஸ்கோபியே வழக்கமாகிவிட்டது. வலியும் புண்ணில் சீழ்பிடிப்பதும் குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. அந்த நன்மைகள் மெய்யானவை. எனினும் பிள்ளை எவ்வளவு காயப்பட்டது என்பதைத் தழும்பின் நீளம் சொல்லிவிடாது. வலி தொடங்கியதற்கும் அறுவை மேசைக்கும் இடையே கழிந்த மணிநேரங்கள் பல வேளைகளில் அதைவிட உண்மையாகச் சொல்லும். சிறு துளைக்கு வசதியற்ற ஊரில், காலந்தாழ்த்தாமல் மெக்பர்னியின் கீறலைப் போடும் மருத்துவரும் அக்குழந்தைக்குச் சிறிய காயத்தையே தருகிறார்.